அண்ணன் அனுப்பிய படம்

அஞ்சுகிராமம்
12.2.2024

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

தங்கை நேசம்மாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. நானும் என் முட்டுவலியும் இங்கே சுகம். நீயும் மைனியும் சென்னையில் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். காதில் மாட்டுகிற மெஷின் போனில் கூவுகிறது, இனி எதுவானாலும் கடிதம் எழுது என்று சொன்னாய். அதனால் எழுதுகிறேன்.

இங்கே ஒரு விசேஷம். நம் சபைக் கோவிலை ஒட்டி ஒரு பழைய வாசகசாலை கிடந்ததே, அதைச் சபைச் செயலர் ஜெரிஷ் டைல்ஸ் போட்டு, வெள்ளை அடித்து, ‘ஆர்ட் கேலரி’ என்று போர்டும் வைத்துவிட்டான். குவைத்திலிருந்து வந்த நாள் முதல் அவனுக்குக் கை சும்மா இருப்பதில்லை. நம் மாவட்டத்து ஓவியர்கள் யாராக இருந்தாலும், எந்த மதமானாலும், அங்கே படம் வைக்கலாமாம். வந்த படங்களில் எதை வைப்பது எதை விடுவது என்று கமிட்டியில் ஒருவருக்கும் தெரியவில்லை. உன் அண்ணன் ஓவியக் கல்லூரியில் வாத்தியாராக இருந்தவர்தானே, கேட்டுச் சொல்லு மாமி என்கிறான். போட்டோக்களை ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றின் பின்னாலும் யார், என்ன வேலை என்று எழுதியிருக்கிறேன். பொறுமையாகப் பார்த்து எழுது.

மைனிக்கு என் அன்பு.

உன் தங்கை
நேசம்மாள்


சென்னை
26.2.2024

நேசம்,

கடிதம் வந்தது. நான் சுகம் என்பது இந்தக் கையெழுத்திலேயே தெரியும். நீயும் சுகம் என்று எழுதியிருக்கிறாய். ஆகையால் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜிஷா டீச்சர் கண்ணாடியில் வரைந்த கடைசி இராப்போஜனம்: பன்னிரண்டு சீஷருக்கும் ஒரே மூக்கு. ஆண்டவருக்கும் அதே மூக்கு. எல்லோரும் ஒரு தாய் பிள்ளைகள் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

ஆன்ஸ்லின் என்ற பெண் காபித்தூளில் வரைந்த கலங்கரை விளக்கம்: காபித்தூளைக் குடிக்கச் சொல்.

கோலப்பன், ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ் எழுத்தர், தாமரைக் குளம்: இதைவிட நல்ல தாமரை சோப்பு டப்பா மூடியில் இருக்கிறது. அதையாவது கழுவலாம்.

பிரபின், ஊர் குலசேகரம். கல்லறைக் கற்களில் பேரும் முகமும் எழுதுகிற தொழில் என்று போட்டிருக்கிறாய். நீ போடாவிட்டாலும் தெரிந்திருக்கும். அவன் வரைந்த ஆட்கள் எல்லோரும் இறந்து மூன்றாம் நாள் யாரோ எழுப்பி நிறுத்தியதுபோல நிற்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிற அந்தக் கிழவரின் கையில் கத்தி இருக்கிறது, கையில் உயிர் இல்லை.

எதை வைப்பது என்று கேட்டாய். போர்டைக் கழற்றி வைப்பதுதான் நல்லது. முடியாது என்றால் எல்லாவற்றையும் வை. கெட்டதில் கொஞ்சம் கெட்டது என்று பொறுக்கிக்கொண்டிருக்க எனக்கு வயது இல்லை.

செல்வதாஸ்


அஞ்சுகிராமம்
20.3.2024

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். வெயில் இப்போதே தீயாகக் கொளுத்துகிறது. முட்டுக்கு எண்ணெய் தேய்த்தும் குணமில்லை. உன் சளி எப்படி?

உன் கடிதத்தை அப்படியே வாசித்தால் நான் இந்த ஊரில் குடியிருக்க முடியாது. ஜிஷா டீச்சரிடம், அண்ணன் மூக்கைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். ஆன்ஸ்லினிடம், காபியைப் பற்றியும் எழுதியிருக்கிறார் என்றேன். கோலப்பன் அண்ணாச்சிக்கு என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் கமிட்டியே ஒரு காரியம் செய்துவிட்டது. தாமரை என்றால் இந்துக் கோவில் வாடை அடிக்கிறதாம், கிறிஸ்தவக் கட்டடத்தில் எப்படி வைப்பது என்று ஒரு மணிநேரம் பேசினார்கள். அண்ணாச்சி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வந்து, “இவ்வளவுதானா? தாங்க இங்க” என்று படத்தை வாங்கிக்கொண்டு போய், மறுநாள் தாமரை எல்லாவற்றையும் ஆம்பலாக்கிக் கொண்டுவந்தார். கமிட்டி கையெழுத்துப் போட்டது. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

பிரபினிடம் மட்டும் பொய் சொல்ல முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எழுத்து வேலைக்கு வந்தவன் வீட்டுக்கு வந்து நின்றான். “மாமி, ஒண்ணும் மறைக்காண்டாம். உள்ளத உள்ளபடி பறையுங்க” என்றான். வாசித்தேன். முழுவதும் கேட்டான். பிறகு, “செரிதான் அது. நான் செத்தவிய போட்டோவப் பாத்துல்லா வரையேன். உயிரோட ஒரு ஆளு எனக்க முன்னால இருந்து தந்ததே இல்ல மாமி” என்றான். காபி குடித்துவிட்டுப் போனான். கோபம் இல்லை.

அண்ணா, உன் படம் ஒன்றை அனுப்பேன். நீ இந்தக் கோவிலில் ஞானஸ்நானம் எடுத்தவன். உன் படம் இல்லாமல் அந்தச் சுவர் நிறையாது.

உன் தங்கை
நேசம்மாள்


சென்னை
2.4.2024

நேசம்,

சளி போய்விட்டது. இனி கேட்க வேண்டாம்.

ஆம்பல் கதையை வாசித்துச் சிரித்தேன். அந்தக் கமிட்டிக்கு ஏதேன் தோட்டத்தைக் காட்டினால் பாம்பை எடுத்துவிட்டு முயல் போடச் சொல்வார்கள்.

என் படத்தை அங்கே அனுப்பவா? காபித்தூளுக்கும் சோப்பு டப்பாவுக்கும் நடுவில் என்னைத் தொங்கவிடப் பார்க்கிறாய். நான் வரைந்ததைப் பார்ப்பதற்குக் கண் வேண்டும். அது உங்கள் ஊரில் கண்ணாடிக் கடையில் கிடைப்பதில்லை. வேண்டாம், இந்தப் பேச்சை விடு.

செல்வதாஸ்

பின்குறிப்பு: அந்த அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம்? எதிர்ச் சுவர் எத்தனை அடி? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.


அஞ்சுகிராமம்
15.4.2024

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். உயிர்த்தெழுந்த பண்டிகை நல்லபடி முடிந்தது. சுகம்.

ஜன்னல் கிழக்குப் பக்கம். எதிர்ச் சுவர் பதினொன்றரை அடி. சனிக்கிழமை கோவில் தரை கழுவப் போனபோது நானே டேப் பிடித்து அளந்தேன். காலை வெயில் நேராக அந்தச் சுவரில் விழாது, பக்கவாட்டில் வந்து படர்கிறது. சும்மா தெரிந்துகொள்.

உன் தங்கை
நேசம்மாள்


சென்னை
28.6.2024

நேசம்,

படம் அனுப்பியிருக்கிறேன். பஸ்ஸில் பார்சல் போட்டாயிற்று. வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஆள் வைத்து எடுத்துக்கொள். தூக்குகிறவன் கையைக் கழுவியிருக்க வேண்டும்.

கிழக்கு ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், கண் மட்டத்தில் மாட்டு. மாலை கூடாது. சீரியல் லைட் கூடாது. மெழுகுவர்த்தி அந்தப் பக்கமே வரக்கூடாது. ஜெரிஷ் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லக்கூடாது.

படத்தின் பெயர் ‘பிரசங்க நேரம்’. எண்பத்தாறில் வரைந்தது. நம் கோவில், ஞாயிறு காலை, போதகர் பேசிக்கொண்டிருக்கிறார், எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அதில் இருப்பது தாங்கள்தான் என்றுகூட உங்கள் ஆட்களுக்குத் தெரியப்போவதில்லை. அதனால் பயப்படாதே.

முப்பத்தெட்டு வருடம் இது என் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. இங்கே கேலரிக்காரர்கள் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் டீ நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாற்பது வருடம் மற்றவர்களின் பிள்ளைகளுக்கு வரையச் சொல்லிக் கொடுத்தேன். என்னுடைய படம் ஒன்றுகூட ஒரு பொதுச் சுவரில் தொங்கியதில்லை. உன் மைனியிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. ஒரு தடவை தொங்கட்டும். முன்பின் தெரியாத நாலு பேர் நின்று பார்க்கட்டும். அதன் பிறகு நீங்கள் அதை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

எங்கே மாட்டினாய், யார் நின்றார்கள் என்று உடனே எழுது.

செல்வதாஸ்


அஞ்சுகிராமம்
10.10.2024

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். பதில் எழுதப் பிந்திவிட்டது, மன்னித்துக்கொள். இடையில் எனக்குக் காய்ச்சல். பிறகு மழை. இந்தத் தடவை மழை ரொம்ப.

படம் பத்திரமாக வந்து சேர்ந்தது. கேலரித் திறப்பு செப்டம்பர் 22ஆம் தேதி நல்லபடி நடந்தது. கூட்டம் நிறைய. மைனிக்குச் சீனிக்கிழங்கு அனுப்பியிருக்கிறேன், கிடைத்ததா?

உன் தங்கை
நேசம்மாள்


சென்னை
19.10.2024

நேசம்,

கிழங்கு கிடைத்தது. நான் கிழங்குக்காகவா மூன்று மாதம் காத்திருந்தேன்?

‘நல்லபடி நடந்தது’ என்றால் என்ன? கல்யாணத்துக்கும் அப்படித்தான் எழுதுகிறாய், கண் ஆபரேஷனுக்கும் அப்படித்தான் எழுதுகிறாய். என் படம் எந்தச் சுவரில் இருக்கிறது? யார் யார் நின்று பார்த்தார்கள்? எவ்வளவு நேரம்? என்ன சொன்னார்கள்? முட்டாள்தனமாகச் சொல்லியிருந்தாலும் அப்படியே எழுது. அறையைப் போட்டோ எடுத்து அனுப்பு. நாலு சுவரும் வேண்டும்.

செல்வதாஸ்


அஞ்சுகிராமம்
12.11.2024

கர்த்தருக்குள் பிரியமான அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். சுகம்.

நீ கேட்ட போட்டோக்கள் இதில் இருக்கின்றன. இரண்டாம் தடவை படங்கள் மாற்றிய பிறகு எடுத்தது.

நேசம்மாள்


சென்னை
20.11.2024

நேசம்,

போட்டோக்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாலு சுவரிலும் என் படம் இல்லை. ஆக, கழற்றிவிட்டார்கள். ஆம்பலாக்கச் சொன்ன கூட்டம் என் படத்தில் எதைக் கண்டு பயந்தது என்று எழுது. எத்தனை நாள் தொங்கியது என்றும் எழுது. ஒரு நாளானாலும் சரி, எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

இன்னொன்று. கிழக்கு ஜன்னலுக்கு எதிரே, என் படத்துக்கு நான் கேட்ட அதே இடத்தில், ஒரு படம் இருக்கிறது. கிழவி ஒருத்தி கோவில் தரையில் உட்கார்ந்து தேங்காய்த் தும்பு வைத்துத் தேய்க்கிறாள். ஒரு காலை மடக்க முடியாமல் நீட்டி வைத்திருக்கிறாள். முகம் பாதிதான் தெரிகிறது. இதை வரைந்தது யார்? நான் ஒருவரையும் சும்மா புகழ்கிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். அந்தக் கையைப் பார்த்தால் எத்தனை வருடம் அந்தத் தரையைத் தேய்த்த கை என்று சொல்லிவிடலாம். வலிக்கிறது, ஆனாலும் அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை என்பது அந்தத் தோளிலேயே இருக்கிறது. இப்படி ஒருத்தியைப் பார்க்கத் தெரிந்தவன் அந்த மாவட்டத்தில் இருக்கிறானா? நாற்பது வருடத்தில் என் மாணவர்களில் ஒருவனும் இப்படிப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை என்றே வைத்துக்கொள். அந்தப் பெண் யார்?

செல்வதாஸ்


அஞ்சுகிராமம்
2.12.2024

அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். நீ சுகமாக இருக்கும்போதே இதை எழுதிவிடுகிறேன்.

உன் படத்தை நீ சொன்ன சுவரில், நீ சொன்ன உயரத்தில் மாட்டினோம். மாலை போடவில்லை. கூட்டம் இருக்கும் என்று ஜெரிஷ் திறப்பை அறுப்புப் பண்டிகை அன்றைக்கே வைத்தான். அன்று விடிந்ததில் இருந்து மழை. முற்றத்தில் காணிக்கையாக வந்து இறங்கிய வாழைக்குலை, தேங்காய், கிழங்கு, கோழி எல்லாவற்றையும் நனையாமல் கேலரிக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். போதகர் வாசலில் நின்று, “இந்த அறைக்குள் இருக்கிற யாவையும் உமக்குக் காணிக்கையாகப் படைக்கிறோம்” என்று ஜெபம் பண்ணினார். நாங்கள் எல்லோரும் ஆமென் சொன்னோம்.

வழக்கம்போல காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியது. குலை முடிந்தது, கோழி முடிந்தது. தரையில் ஒன்றும் இல்லை என்று ஆனதும், ஏலம் விடுகிற அனிஷ் சுவரைக் காட்டினான். “ஜெபம் பண்ணியாச்சுல்லா, இனி இதும் காணிக்கதான்” என்றான். ஜெரிஷ் போதகரைப் பார்த்தான். போதகர் தரையைப் பார்த்தார். சொன்ன ஆமெனைத் திரும்ப வாங்க ஒருவருக்கும் வாய் வரவில்லை.

மற்றப் படங்களை அவரவர் சொந்தக்காரர்களே போட்டி போட்டு எடுத்தார்கள். ஜிஷா டீச்சரின் படத்துக்கு அவள் கொழுந்தன்மார் இரண்டு பேர் அடித்துக்கொள்ளாத குறை. பிறகு உன் படம் வந்தது. எல்லோரும் கிட்டே வந்து பார்த்தார்கள். கண் இல்லாதவர்கள் என்று எழுதினாயே அண்ணா, படத்தில் இருப்பது யார் யார் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பக்கத்து ஆள் காணிக்கைப் பையில் எவ்வளவு போடுகிறான் என்று நரி மாதிரி எட்டிப் பார்ப்பது ஜெரிஷின் அப்பா. எச்சில் ஒழுகத் தூங்குவது பக்கத்து வீட்டுக் கிரேசியின் அம்மா. அவள் போன வருடம்தான் இறந்தாள். “எனக்க அப்பால்லா இது” என்றான் ஜெரிஷ். சிரிப்புகூட யாருக்கும் வரவில்லை.

அனிஷ் மூன்று தரம் கூவினான். ஒரு வீட்டுக் காணிக்கையைக் கேட்க ஆள் இல்லை என்றால் அது அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று உனக்குத் தெரியும். அழுகல் பூசணியைக்கூட யாராவது ஒருவர் எடுத்துவிடுவார். நான் கை தூக்கியிருக்கலாம். தூக்கவில்லை. பெண்கள் பக்கம் முதல் பெஞ்சில் நீ வரைந்து வைத்திருப்பவளை நானும் பார்த்துவிட்டேன். தடித்து, மாடு மாதிரி கண்ணை விரித்து, வாயைப் பிளந்துகொண்டு, வாயோரத்தில் ஒரு ஈ. மடியில் என் சிவப்புப் பை. படத்தின் மூலையில் தேதி போட்டிருந்தாய். அந்த வருடம் மைனி பிரசவத்துக்குப் போயிருந்தபோது உனக்கு டைபாய்டு வந்து, நான் சென்னைக்கு வந்து இரண்டு மாதம் கஞ்சி வைத்துத் தந்தேன். நான் ஊருக்கு வண்டி ஏறிய அடுத்த மாதம் நீ அதை வரைந்திருக்கிறாய். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அங்கே அழவில்லை.

கடைசியில் பிரபின்தான் கை தூக்கினான். அவனுக்கு நீ எழுதியது எல்லாம் தெரியும், ஆனாலும் தூக்கினான். சாயந்தரம் படத்தைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான். “மாமி, அது கேப்பாரில்லாம நிண்ணா உங்க வீட்டுக்கு மோசம்லா, அதான் எடுத்தேன். இத நான் மாட்ட மாட்டேன், நீங்க இருக்கிய அதுல. துணி நல்ல துணி, வேற படம் வரையலாம். வெள்ள அடிச்சோட்டா?” என்று கேட்டான்.

“அடிச்சோ மக்கா” என்றேன். அவன் அடித்து முடிக்கிற வரை பக்கத்தில் நின்றேன். “உயிரோட ஒரு ஆளு முன்னால இருந்து தந்ததில்லண்ணு சொன்னியே மக்கா, நான் இருக்கேன்” என்று அவனிடம் சொன்னேன். நாலு சனிக்கிழமை நான் தரை கழுவ, அவன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து வரைந்தான். நீ புகழ்ந்த படம் உன் துணியின் மேல்தான் இருக்கிறது. உன் படம் தொங்கியது ஒரே ஒரு காலை.

அந்தப் பெண் யார் என்று கேட்டிருந்தாய். முட்டுவலி என்று எத்தனை கடிதத்தில் எழுதினேன். அது நான்தான் அண்ணா. போட்டோவிலும் உனக்கு என்னைத் தெரியவில்லை.

நேசம்மாள்


சென்னை
16.12.2024

நேசத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

அந்த முட்டாள் எந்த வெள்ளையை அடித்தான் என்று கேட்டு எழுது. பெயின்ட் கடையில் விற்கிற சுவர் ப்ரைமராகத்தான் இருக்கும். எண்ணெய் வண்ணத்தின் மேல் அது நிற்காது. கல்லில் எழுதுகிறவனுக்கு இது எங்கே தெரியப்போகிறது. பத்து வருடம், நம் ஊர் உப்புக் காற்றுக்கு அதுகூடத் தாங்காது, செதில் செதிலாக உரிந்து விழும். விழுந்தால் அடியில் இருப்பது வெளியே வரும்.

நல்ல துணி ஒன்று, நானே வெள்ளை அடித்துக் காயவைத்து, இன்று பார்சல் போட்டிருக்கிறேன். பிரபினிடம் கொடு. அதே படத்தை அதில் திரும்பவும் வரையச் சொல். அதே போல வராது என்று சொல்வான். வராவிட்டாலும் பரவாயில்லை, வரையட்டும். நீ இன்னும் நாலு சனிக்கிழமை இருந்து கொடுக்க வேண்டும். ஈரத் தரையில் உட்காராதே, காலுக்கு அடியில் சாக்கை மடித்துப் போட்டுக்கொள்.

புதியது சுவரில் ஏறியதும் பழையதைச் சட்டத்தோடு எரித்துவிடு. யார் தடுத்தாலும் கேட்காதே. எனக்கு வெட்கமாக இருக்கிறது, நேசம். அவன் பார்த்து வரைந்த உன் முகத்துக்கு அடியில், நான் பார்க்காமல் வரைந்த முகம் இருக்கக் கூடாது.

செல்வதாஸ்